பட்டியலில் இல்லாத பிள்ளை

சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், கிழக்கிந்தியக் கும்பினியை எதிர்த்துப் போரிட்ட மருது சகோதரர்களின் நினைவிடம் இருக்கிறது. 1801 அக்டோபர் 24 அன்று பெரிய மருதுவும் சின்ன மருதுவும் இந்த ஊரில்தான் தூக்கிலிடப்பட்டார்கள். சில மாதங்களில், சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி உட்பட எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் பினாங்குத் தீவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். தூக்குக்கு நான்கு மாதம் முன்பு, ஜூன் மாதத்தில், திருச்சிக் கோட்டையிலும் திருவரங்கம் கோயில் மதிலிலும் சின்ன மருதுவின் பெயரால் ஓர் அறிக்கை ஒட்டப்பட்டது. ஜம்புத்தீவு அறிக்கை என்று இன்று அதைச் சொல்கிறோம். பாளையம், சீமை என்ற எல்லைகளைத் தாண்டி, இந்துவையும் முஸ்லிமையும் சேர்த்து, கும்பினியின் படையில் சம்பளம் வாங்கும் சிப்பாயையும் கூட அழைத்து, அந்நியனை வெளியேற்றச் சொன்ன அறிக்கை அது. அந்தக் காலத்துக்கு அது மிக அகலமான அழைப்பு. அதன் விளிப்பில் பிராமணர், சத்திரியர், வைசியர், சூத்திரர், முசல்மான் என்று வரிசை போகிறது. சேரியில் இருந்தவனுக்கு அந்த வரிசையில் இடம் இல்லை. மருதுவின் பக்கம் நின்று செத்தவர்களில் அவனும் இருந்திருப்பான். போருக்கு ஆள் சேர்க்கும்போது யாரும் வருணம் பார்ப்பதில்லை. ஆனால் விடுதலை யாருக்கு என்று எழுதி ஒட்டியபோது அவன் பெயர் வரவில்லை. 1801ஆம் ஆண்டு மனிதரை இன்றைய அளவுகோலால் அளக்கலாமா என்று யாரும் கேட்கலாம். அளக்க வேண்டாம். அவர்களிடமிருந்து எதைச் சுவீகரிக்கிறோம் என்பது மட்டும் நம்முடைய கணக்கு.

இந்த வரிசை 21 ஆண்டுகள் கழித்து வேறொரு காகிதத்தில் திரும்பி வருகிறது. 1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, நாட்டில் எத்தனை பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன, அவற்றில் யார் படிக்கிறார்கள் என்று எல்லா கலெக்டர்களிடமும் கணக்குக் கேட்டார். அனுப்பிய படிவத்தில் பிராமணர், வைசியர், சூத்திரர், பிற சாதியார், முசல்மான் என்று பத்திகள் பிரிக்கப்பட்டிருந்தன. 1826இல் தொகுத்துப் பார்த்தபோது 1,28,50,941 மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிக்கூடங்கள், 1,88,650 மாணவர்கள். படிக்கும் வயதுப் பையன்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவன் பள்ளியில் இருந்தான். வீட்டில் படிப்பவர்களையும் சேர்த்தால் மூன்றில் ஒருவன் என்று சொல்லலாம் என்றார் மன்றோ. ஐரோப்பாவின் பல நாடுகளில் சிறிது காலத்துக்கு முன்பு வரை இந்த அளவு கூட இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். மணலில் விரலால் எழுதி, ஓலைக்கு ஏறி, எண்சுவடியைத் தலைகீழாக ஒப்பித்த திண்ணைப் பள்ளிகள்தான் இவை. நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீட்டுப் பையன் வட்டிக்கடைப் பெட்டியடியில் உட்காருவதற்கு முன் வட்டிக் கணக்கை மனத்துக்குள் போடக் கற்றதும் இந்த மரபில்தான். 1931 அக்டோபரில் லண்டனில் பேசிய காந்தி, பிரிட்டிஷார் வந்து மண்ணைத் தோண்டி வேரைப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுப் போனதால் ஓர் அழகிய மரம் பட்டுப்போனது என்றார். அரை நூற்றாண்டு கழித்து, 1983இல், ஆய்வாளர் தரம்பால் மன்றோவின் கணக்குகளை மொத்தமாக அச்சிட்டு, காந்தியின் உவமையையே நூலின் தலைப்பாக வைத்தார். மெக்காலேயின் 1835ஆம் ஆண்டு ஆங்கிலக் கல்விக் குறிப்பு நம் கழுத்தில் போட்ட நுகத்தடியை இறக்கி வைக்க வேண்டும் என்று டெல்லியிலிருந்து இப்போது எழும் குரல் நிற்பதும் இந்த எண்களின் மேல்தான்.

எண்களில் பொய் இல்லை. படிக்கும் விதத்தில்தான் வேறுபாடு. தரம்பால் காட்டிய ஓர் உண்மை முக்கியமானது: திருநெல்வேலி, சேலம் போன்ற தமிழ் மாவட்டங்களில் படித்த பையன்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் சூத்திரரும் பிற சாதியாரும். படிப்பு பிராமணருக்கு மட்டுமே இருந்தது என்ற பேச்சை அது உடைத்தது. ஆனால் அதே பக்கத்தில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. 1,88,650 பேரில் பெண்பிள்ளைகள் 4,540. அடுத்து அந்தப் ‘பிற சாதியார்’ பத்தி. அதற்குள் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களும் இருந்திருக்கலாமே என்பது தரம்பாலின் பக்கம் நிற்பவர்களின் வாதம். இருந்திருக்கலாம்தான். ஆனால் எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை. எண்ணத் தோன்றவில்லை என்பதே ஒரு தகவல். அந்தச் சந்தேகத்தின் பலனை மரபுக்குக் கொடுப்பதற்கு முன், திருப்பத்தூர் இருந்த மாவட்டத்தின் இன்னொரு காகிதத்தையும் எடுத்துப் பார்க்க வேண்டும். 1930இல் திருப்பத்தூர் ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தில் நிலமுள்ள ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு 1930 டிசம்பரில் எட்டுத் தடைகளும், 1931 ஜூனில் பதினொரு தடைகளும் விதித்தார்கள் என்று ஜே.எச். ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். அந்தக் காலத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையர் அவர். முழங்காலுக்குக் கீழே துணி கட்டக் கூடாது, தங்க நகை அணியக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது என்று போகின்றன அந்தத் தடைகள். அந்தப் பதினொன்றில் ஒன்று, அவர்களுடைய பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக் கூடாது என்பது. இன்னொன்று, அந்தப் பிள்ளைகள் மிராசுதார்களின் மாடு மேய்க்க மட்டுமே போக வேண்டும் என்பது. மீறிய இடங்களில் குடிசைகள் எரிக்கப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது. காந்தி லண்டனில் அழகிய மரத்தைப் பற்றிப் பேசியதற்கு நான்கே மாதம் முன்பு நடந்தது இது.

இதற்கு உடனே வரும் மறுப்பு எளிதில் தள்ளக்கூடியதல்ல. சாதியை இவ்வளவு இறுக்கமாக ஆக்கியதே காலனியாட்சிதான். ஜமீன்தாரி முறையும் 1871 முதலான கணக்கெடுப்புகளும் நீதிமன்றங்களும் சேர்ந்து நெகிழ்வாக இருந்ததைக் கல்லாக்கின என்று நிக்கலஸ் டர்க்ஸ் போன்ற வரலாற்றாளர்கள் விரிவாகக் காட்டியிருக்கிறார்கள். டர்க்ஸ் இந்த வாதத்துக்கு வந்தது பக்கத்துப் புதுக்கோட்டையை ஆராய்ந்த பிறகுதான். சிவகங்கைச் சீமையின் கதையே அதற்குச் சாட்சி: போர்வீரர்களின் பாளையம் கும்பினியின் சனதுக்குள் அடங்கிய ஜமீனானது, பிறகு வாரிசு வழக்காகி லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. ஆள் பலத்தை இழந்த அதிகாரம் நிலத்தையும் அந்தஸ்தையும் இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. ஒப்புக்கொள்வோம். ஆனால் இதிலிருந்து வரும் முடிவு என்ன? அந்நியன் இறுக்கினான் என்பதால் அந்நியன் போனதும் முடிச்சு தானாக அவிழ்ந்துவிடாது. பதினொரு தடைகளை எந்த வெள்ளைக்காரக் கலெக்டரும் எழுதித் தரவில்லை. அவை ஊர்க் கூட்டத்தில், தமிழில் பேசி முடிவானவை. காலனியம் ஒரு பூட்டைப் போட்டது என்றால், சாவி நம் வீட்டிலேயே தங்கிவிட்டது.

அந்தச் சாவி யார் கையில் இருந்தது என்பதைத்தான் இந்தக் கட்டுரை பேச விரும்புகிறது. கல்வியில் சுதந்திரம் என்ற சொல்லை நம் சமூகம் எடுத்த போதெல்லாம், அதை எடுத்தவர் தகப்பன். பிள்ளை அல்ல. 1922இல் வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் தொடங்கிய குருகுலத்தைப் பாருங்கள். அரசாங்கப் பள்ளியைப் புறக்கணித்து, தாய்மொழியில், தொழிலும் உடற்பயிற்சியும் சேர்த்து, சுதந்திர நாட்டுக்கு ஆள் தயாரிக்கும் தேசியக் கல்வி. காலனிய நீக்கம் என்று இன்று பேசப்படுவதற்கு அதைவிடச் சுத்தமான மாதிரி கிடைக்காது. தமிழ்நாடு காங்கிரஸ் அதற்கு 10,000 ரூபாய் தர ஒப்புக்கொண்டு பாதியைக் கொடுத்தது. அங்கே பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போடப்பட்டது வெளியே தெரிந்து, 1925இல் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் அதைப் பெரிய பிரச்சினையாக்கினார்கள். ஐயர் கெட்ட மனிதர் அல்ல. சாதி வெறியரும் அல்ல. பெற்றோரின் மனச்சாட்சியை மதிக்கிறேன், அவர்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்பதுதான் அவர் தரப்பு. காந்தியும் ஏற்கனவே சேர்ந்த பிள்ளைகளுக்கு விலக்குக் கொடுத்துவிட்டு இனி வருகிறவர்களுக்கு ஒரே பந்தி என்று ஒரு சமரசம் சொல்லிப் பார்த்தார். பெற்றோரின் மனச்சாட்சி என்பது லேசான சொல் அல்ல. ஆனால் அந்தப் பந்தியில் உட்கார்ந்திருந்த பையன்களின் மனச்சாட்சி என்று ஒன்று இருக்கக்கூடும் என்பது அந்தச் சண்டையில் பலருக்கும் தோன்றவில்லை. தோன்றிய ஓர் இளைஞர், பின்னாளில் பொதுவுடைமைத் தலைவரான ஜீவா. குருகுலத்தை விட்டு வெளியேறி, திருப்பத்தூர் பக்கம் சிராவயலில் ஆசிரமம் அமைத்து, சேரிப் பிள்ளைகளையும் சேர்த்து உட்கார வைத்தார். 1927இல் செட்டிநாட்டுக்கு வந்த காந்தி அவரைத் தேடிப் போய்ப் பார்த்தார். அதற்கு நாலு ஆண்டில், அதே மாவட்டத்தில், பிள்ளைகள் படிக்கக் கூடாது என்ற தடை வந்தது என்றால், சிராவயலின் திண்ணை எவ்வளவு சிறியது என்பதும் புரியும்.

பெற்றோரின் உரிமை என்ற வாதத்தின் பலத்தை உணர வேண்டுமானால் ஹன்னா ஆரெண்ட்டைப் படிக்க வேண்டும். நாஜிகளிடமிருந்து தப்பி ஓடியவர். கொடுங்கோன்மையைப் பற்றி அவரைவிட ஆழமாக எழுதியவர்கள் சிலரே. ஆனால் அமெரிக்காவில் கறுப்பினப் பிள்ளைகளை வெள்ளையர் பள்ளியில் சேர்க்க ராணுவம் காவல் போனபோது, 1959இல் வெளியான கட்டுரையில் அவர் அதை எதிர்த்தார். பிள்ளை யாரோடு பழக வேண்டும் என்பது பெற்றோர் முடிவு செய்ய வேண்டியது, பெரியவர்கள் தீர்க்காத வழக்கைக் குழந்தைகள் தலையில் சுமத்தக் கூடாது என்றார். எழுத்தாளர் ரால்ஃப் எல்லிசன் அதற்குச் சொன்ன பதிலைப் படித்தபின், தான் அந்தப் பெற்றோர்களைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று ஆரெண்ட்டே அவருக்குக் கடிதம் எழுதினார். தன் பிள்ளையைக் கூச்சலிடும் கூட்டத்தின் நடுவே அனுப்பிய கறுப்பினத் தாய் அவளைக் கருவியாக்கவில்லை. அவள் வாழப்போகும் உலகத்துக்கு அவளைத் தயார் செய்தாள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பளித்தது 1954 மே மாதம். அதே மே மாதத்தில் சென்னையில், காமராஜர் அரசு ராஜாஜியின் தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கைவிட்டது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் கேள்வி ஒன்றுதான்.

1953இல் ராஜாஜி கொண்டுவந்த அந்தத் திட்டத்தைக் குலக்கல்வி என்ற ஒற்றைச் சொல்லால் நாம் முடித்துவிடுகிறோம். அது அரசியலுக்குப் போதும், சிந்தனைக்குப் போதாது. கிராமப் பள்ளியில் மூன்று மணி நேரம் பாடம், மீதி நேரம் வீட்டில் தகப்பன் செய்யும் தொழில். ஒரே கட்டடத்தில் இரண்டு முறை வகுப்பு நடத்தி இரட்டிப்புப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது நிர்வாகக் காரணம். தத்துவக் காரணம் வேறு: வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போனது குமாஸ்தாக்களைச் செய்யும் படிப்பு, கிராமமே ஒரு பள்ளிக்கூடம், கைத்தொழிலை இழிவாக நினைக்கக் கற்றுத் தருவதுதான் அடிமைக் கல்வி. ஒவ்வொரு வாக்கியமும் காலனியத்துக்கு எதிரானது. ஒவ்வொன்றிலும் பாதி உண்மையும் இருக்கிறது. காந்தியின் ஆதாரக் கல்வியோடு இதைச் சேர்த்துப் பேசுகிறவர்கள் ஒரு வேறுபாட்டை விட்டுவிடுகிறார்கள். 1937இல் வார்தாவில் உருவான திட்டத்தில் தொழில் பள்ளிக்கூடத்துக்குள் வந்தது. பிராமணப் பையனும் நூல் நூற்றான், தறியில் உட்கார்ந்தான். 1953இல் பிள்ளை தொழிலைத் தேடி வீட்டுக்குப் போனான். வீட்டில் இருந்தது எதுவோ அதுதான் அவன் தொழில். நூற்புக்கும் சவரத்துக்கும் தோல் பதனிடுதலுக்கும் மரியாதை வர வேண்டும் என்றால் எல்லாப் பிள்ளைகளும் அவற்றைக் கற்க வேண்டும். தச்சன் மகன் தச்சு கற்பதால் தச்சுக்கு மரியாதை வந்துவிடாது. எழுபது ஆண்டு கழித்து, 2023இல் ஒன்றிய அரசு 18 கைத்தொழில்களுக்கு விஸ்வகர்மா திட்டத்தை அறிவித்தபோது, குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை நீக்கச் சொன்ன தமிழ்நாடு, பிறகு சாதி வேறுபாடு இல்லாமல் எந்தத் தொழிலையும் யாரும் தேர்ந்தெடுக்கும் தன் திட்டத்தை 2025இல் தொடங்கியது. பழைய வழக்கு இன்னும் முடியவில்லை.

தகப்பனிடமிருந்து பிள்ளையைப் பிரித்து அரசிடம் ஒப்படைக்கச் சொல்கிறீர்களா, அதைவிடக் காலனியத்தனமான வேலை எது என்று ஒருவர் கேட்டால், என் வாதத்துக்கு எதிரான மிகக் கூர்மையான கேள்வி அதுதான் என்பேன். கனடாவில் பழங்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிடுங்கி விடுதிப் பள்ளிகளில் அடைத்து, தாய்மொழி பேசினால் அடித்தார்கள். நம் அருகிலேயே, குற்றப் பரம்பரைச் சட்டத்தின் நிழலில், மதுரை வட்டாரத்தில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் 1920களில் எழுந்தன. 1920 ஏப்ரலில் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடத்திய அதே அரசாங்கம், மறு கையில் சிலேட்டைக் கொடுத்தது. ஒரு சமூகம் முழுவதையும் பிறவிக் குற்றவாளி என்று எழுதிவைத்துவிட்டு, அதன் பிள்ளைகளைத் திருத்தக் கட்டிய பள்ளிகள் அவை. நான் சொல்லும் பொதுப்பள்ளிக்கும் இதற்கும் உள்ள கோடு மிக எளிது: ஒரு கூட்டத்தை மட்டும் பொறுக்கியெடுத்து அடைப்பது சிறை, எல்லோர் வீட்டுப் பிள்ளையும் வந்து உட்காருவது பள்ளி. முதலாவதில் அரசுதான் தகப்பன். இரண்டாவதில் யாரும் தகப்பன் இல்லை. அந்தக் கள்ளர் பள்ளிகளின் பின்கதை இன்னும் சிக்கலானது. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு தலித் மாணவனும் அவன் தங்கையும் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்கி, கள்ளர் சீரமைப்பு, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையின் கீழ் கொண்டுவரச் சொன்னது. எதிர்ப்பு கிளம்பியது. அவமானத்தின் அடையாளமாகத் தொடங்கிய பள்ளி, மூன்று தலைமுறையில் ‘எங்கள் உரிமைச் சொத்து’ ஆகிவிட்டது. அந்த உணர்வை ஏளனம் செய்ய முடியாது. ஆனால் மணிக்கட்டில் சாதிக்கொரு வண்ணக் கயிறு கட்டிப் பிரிந்து நிற்கும் பிள்ளைகளுக்கு, பள்ளியின் பெயர்ப் பலகையே கயிறாக வேண்டாம்.

ஆகவே ஒரு பள்ளியை யார் கட்டினார், எந்தப் பணத்தில் கட்டினார் என்பதை வைத்து அது அடிமைக் கல்வியா விடுதலைக் கல்வியா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. செட்டிநாட்டுக்கு இது நன்றாகத் தெரியும். 1947இல் அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். மழைக்கு ஏங்கும் பூமியில் இது பெரிய காரியம். ஆனால் இந்தப் பகுதியின் செல்வம் எங்கிருந்து வந்தது? பிரிட்டிஷ் கொடியின் பின்னால் கடல் கடந்து போன வட்டித் தொழிலிலிருந்து. 1930களின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிலம், கடன் தீராத பர்மிய விவசாயிகளிடமிருந்து செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. பேரரசின் லாபம் சுதந்திர நாட்டின் ஆய்வகமாக முளைத்தது. சுத்தமான வேர் என்று ஒன்றைத் தேடிக்கொண்டு போனால் கையில் எதுவும் மிஞ்சாது.

சரி, தகப்பனை விட்டுவிட்டுத் தேசத்திடம் பிள்ளையைக் கொடுத்தால் நீதி வந்துவிடுமா? நகரத்தார் கடை வைத்திருந்த கொழும்பைப் பார்த்தால் பதில் கிடைக்கும். சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரவின் முயற்சியால் இலங்கையில் 1945இல் மழலையர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி வந்தது. சுதந்திரத்துக்கு முன்பே வந்தது. இந்தியா காணாத வேகம். கூடவே தாய்மொழி வழிக் கல்வியும் வந்தது. ஆங்கிலம் படித்த சிறு கூட்டத்தின் ஆதிக்கத்தை உடைக்க அது சரியான ஆயுதம்தான். ஆனால் 1956இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் ஆனதும், தாய்மொழி என்ற சொல்லுக்கு ஒரே ஒரு தாய்தான் மிஞ்சினாள். 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்தபோது, தமிழ் வழியில் பரீட்சை எழுதிய மாணவன் அதே மருத்துவ இடத்துக்குச் சிங்கள வழி மாணவனைவிடக் கூடுதல் மதிப்பெண் வாங்க வேண்டியிருந்தது. அதற்கும் நீதி என்றே பெயர் வைத்தார்கள்: பின்தங்கியவரை உயர்த்துகிறோம் என்று. சுதந்திரம் பெற்ற நாட்டின் புதிய ஆட்சியாளர்கள் காலியான நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள் என்று 1961இல் சிந்தனையாளர் பிரான்ஸ் பனோன் எழுதியது ஆப்பிரிக்காவை மனத்தில் வைத்து. யாழ்ப்பாணத்து இளைஞனுக்கு அதைப் படித்து விளங்க வேண்டியிருக்கவில்லை.

இங்கே தமிழ்நாட்டுக்காரர் நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். நாம் சேர்த்தல் என்ற பாதியில் வென்றோம். கற்பித்தல் என்ற பாதியைக் கைவிட்டோம் என்று சொல்பவர்களுக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அவர்கள் சொல்வதில் பெரும்பகுதி சரி. ஒவ்வொரு பிள்ளையையும் பள்ளிக்குக் கொண்டுவந்த மாநிலம், அங்கே அவளை மனப்பாடம் செய்ய விட்டது. கல்வியாளர் பாவ்லோ பிரெய்ரே வங்கி முறை என்று சொன்னாரே, ஆசிரியர் போட்டதைப் பிள்ளை பத்திரமாக வைத்திருந்து பரீட்சையில் எடுத்துக் கொடுப்பது, அந்த வட்டிக்கடைதான் நம் பத்தாம் வகுப்பு. மொழி விஷயம் இன்னும் வெட்கம். 2012 வாக்கில் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கில வழி வகுப்புகள் பரவலாகத் தொடங்கப்பட்டன. கென்யாவில் தாய்மொழி பேசியதற்காக அடிவாங்கிய தலைமுறையைச் சேர்ந்த கூகி வா தியாங்கோ, ஆங்கிலத்தில் புகழின் உச்சியில் இருந்தபோது அதை விட்டு கிக்குயூவில் எழுதப் போனார். நாம் உலகத் தாய்மொழி நாளில் அவர் பெயரைச் சொல்லிவிட்டு, பிள்ளையை ஆங்கில வழியில் சேர்க்கிறோம். கணியன் பூங்குன்றனாரின் ஊர் என்று சொல்லப்படும் மகிபாலன்பட்டி திருப்பத்தூர் வட்டாரத்தில்தான் இருக்கிறது. அவரது பாட்டை மேடையில் முழங்காத அரசியல்வாதி கிடையாது. அவர் மொழியில் இயற்பியல் படிக்க விரும்பும் பிள்ளைக்கு மேல்படிப்பில் வழி மிகக் குறுகல். ஆங்கிலத்தை விரும்பும் தலித் தகப்பனிடம் போய் மொழிப்பற்றுப் பாடம் நடத்தவும் எனக்கு மனம் வரவில்லை. உத்தரப் பிரதேசத்தில் ஆங்கில அன்னைக்குக் கோயில் கட்ட முயன்றவர்களின் தர்க்கம் அவருடையது: ஊர் மொழியில்தான் ஊரார் தடை விதித்தார்கள். அவரைத் தமிழ் வழிக்கு அழைக்கத் தகுதி உள்ளவர் ஒருவர்தான். தன் பிள்ளையை முதலில் அங்கே சேர்த்தவர்.

அந்த ஒருவரைக் காணோம் என்பதுதான் இன்றைய நிலை. 1956இல் மதிய உணவு வந்தபோது, பசி தீர்ப்பதோடு சேரன்மாதேவிச் சண்டைக்கு ஒரு தீர்ப்பும் எழுதப்பட்டது: ஒரே வரிசை, ஒரே சாதம். 1982இல் சத்துணவு, 2022இல் காலை உணவு என்று அது வளர்ந்தது. 2023இல் காலை உணவுத் திட்டம் விரிவானபோது, கரூர், தூத்துக்குடி மாவட்டங்களில் சமைப்பவர் தலித் பெண் என்பதால் சில பெற்றோர் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. கலெக்டர் நேரில் போக வேண்டியிருந்தது. 1925க்கும் 2023க்கும் இடையில் பெற்றோரின் மனச்சாட்சி பெரிதாக நகரவில்லை. ஆனால் அந்தப் பெற்றோரைத் திட்டிவிட்டு ஓய்வது நியாயமல்ல. பந்தியில் தனி இலை கேட்பவன் கண்ணில் படுகிறான். பந்திக்கே வராமல், மஞ்சள் வேனில் ஏற்றிப் பிள்ளையை வேறு பள்ளிக்கு அனுப்புகிற நடுத்தர வர்க்கம் கண்ணில் படுவதில்லை. கட்டணம் கட்டும் பள்ளியில் யாரும் சாதி கேட்பதில்லை. கேட்க வேண்டிய அவசியமே இல்லை, கட்டணம் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. 1966இல் கோத்தாரி குழு பரிந்துரைத்த பொதுப்பள்ளி முறை, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே பள்ளி என்பது, இன்றும் நடைமுறைக்கு வரவில்லை. 2011இல் உச்ச நீதிமன்றம் வரை போய்ச் சமச்சீர் பாடநூலை வென்றோம். புத்தகம் ஒன்றானது, பெஞ்சு ஒன்றாகவில்லை. 1949 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர், அரசியலில் சமத்துவமும் வாழ்க்கையில் ஏற்றத்தாழ்வுமாக ஒரு முரண்பாட்டுக்குள் நுழையப் போகிறோம் என்று எச்சரித்தபோது, அதைத் தீர்க்கும் இடங்களில் ஒன்றாகப் பள்ளிக்கூடம் இருந்திருக்க முடியும். அது அந்த முரண்பாட்டின் இன்னொரு பெயராகிவிட்டது.

ஒவ்வோர் அக்டோபர் 24 அன்றும் திருப்பத்தூரில் மருது சகோதரர்களின் நினைவு நாள், 27இல் காளையார்கோவிலில் குருபூஜை. மாவட்டத்தில் தடை உத்தரவு வரும், வாகனங்களுக்குக் கட்டுப்பாடு வரும், சில ஆண்டுகளில் சில ஒன்றியங்களில் பள்ளிகளுக்கு விடுமுறையும் வருகிறது. தலைவர்களின் நினைவு நாளில் ஒரு சாதித் தெரு வழியே இன்னொரு சாதியார் வாகனம் போவதில் என்ன நடக்கும் என்ற பயம்தான் காரணம். சட்டம் ஒழுங்கு பார்க்கும் அதிகாரிக்கு வேறு வழி இல்லாமலிருக்கலாம். கல்வி அதிகாரிக்கு ஒரு வழி இருக்கிறது. அந்த வாரத்தில், திருப்பத்தூர் அரசுப் பள்ளியில் ஒரு வகுப்பைத் திறந்து, மூன்று காகிதங்களை நகலெடுத்துப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாம்: 1801இன் அறிக்கை, 1822இன் படிவம், 1931இன் பதினொரு தடைகள். நான்காவதாக 1936இல் வெளியான அரசாணை ஒன்றும் உண்டு. முதல் காகிதத்தில் பெயர் இல்லாதவர்களுக்கும், இரண்டாவதில் ‘பிற’ என்று குவிக்கப்பட்டவர்களுக்கும், மூன்றாவதில் படிக்காதே என்று சொல்லப்பட்டவர்களுக்கும் அதில்தான் முதன்முதலாகச் சட்டத்தில் வரிசையாகப் பெயர் எழுதப்பட்டது. அதனால்தான் அவர்களைப் பட்டியல் சாதியினர் என்கிறோம். ஆசிரியர் அதிகம் விளக்க வேண்டியிருக்காது. பெஞ்சில் தன் பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் பாட்டனுக்கு எந்தக் காகிதத்தில் இடம் இருந்தது, எதில் இல்லை என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தேடத் தெரியும். மதிய மணி அடிக்கும்வரை தேடட்டும்.